மூட்டை அடுக்கிய வாரம்

நவம்பர் 24, திங்கள்

மழையால் பள்ளிக்கு விடுமுறை. மைதானத்தில் ஓட முடியாது என்பதால் வராந்தாவிலேயே தண்டால், பஸ்கி முடித்தேன். ஐம்பத்து நான்கு வயதில் இதை விட்டுவிட்டால் மறுபடி பிடிக்க முடியாது. ஒரு நாள் சும்மா இருந்தால்தான் என்ன என்று வீட்டுக்காரி சுலோச்சனா கேட்டாள். உடற்கல்வி ஆசிரியர் வீட்டில் கேட்கக் கூடாத கேள்வி அது என்றேன்.

குடையை எடுத்துக்கொண்டு ஏரியைப் பார்க்கப் போனேன். ஊரே அங்கேதான் இருந்தது. வெள்ளியந்தாங்கல் ஏரி இப்படி நிரம்பி நான் பார்த்ததே இல்லை. பிள்ளைகள் போனில் படம் எடுத்தார்கள். யாரோ கரை மேலேயே பஜ்ஜிக் கடை போட்டுவிட்டார்கள். நானும் இரண்டு சாப்பிட்டேன்.

ஒன்று மட்டும் சரியாகப் படவில்லை. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலங்கல் மேல் வழிந்து, கால்வாயில் இறங்கி, ஊரைத் தாண்டிப் போய்விட வேண்டும். அது விழுகிற இரைச்சல் கடைத்தெருவரை கேட்கும் என்பார்கள். இன்று சத்தமே இல்லை. கலங்கலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் அசையாமல் நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

எனக்கு நீச்சல் தெரியாது. பள்ளியில் இது யாருக்கும் தெரியாது. இங்கே எழுதினால் தப்பில்லை.

நவம்பர் 25, செவ்வாய்

விடியவிடிய மழை. ஏரித் தண்ணீர் கரையின் மேல்விளிம்புக்கு இன்னும் ஒரு முழம்தான் பாக்கி.

கரைக்கு நேர் கீழே கரையடித் தெரு. ஓட்டு வீடுகளும் சிமெண்ட் ஷீட் வீடுகளும். கரையில் நின்று பார்த்தால் அந்த வீடுகளின் கூரைகள் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கின்றன. இத்தனை வருடமாக இது என் கண்ணில் படாமல் இருந்திருக்கிறது.

ஆளாளுக்குப் பேசிக்கொண்டு நின்றார்கள். எனக்கு அது பிடிக்காது. கோதண்டனைக் கூப்பிட்டேன். அவர் எங்கள் அன்னபூரணி நகரில் எனக்கு அடுத்த வீடு, வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். கட்டட வேலை நடக்கும் இடங்களிலிருந்து காலி சிமெண்ட் சாக்குகளை அவர் திரட்டி வந்தார். பள்ளியில் அணிவகுப்புக்கு நிறுத்துவதுபோல் ஆட்களை வரிசையாக நிறுத்தினேன். மண் வெட்ட ஒரு கூட்டம், மூட்டை கட்ட ஒரு கூட்டம், கைமாற்றி மேலே அனுப்ப ஒரு வரிசை. என்னிடம் படித்தவர்கள்தான் பாதிப் பேர். சொன்னதும் நின்றார்கள்.

சாயங்காலத்துக்குள் கரையின் தாழ்வான பகுதி முழுக்க மூட்டை வரிசை எழும்பிவிட்டது. எங்கள் பள்ளியில் சத்துணவு சமைக்கும் அஞ்சலை ஒரு பெரிய பாத்திரத்தில் டீ கொண்டுவந்தாள். அவள் வீடு கரையடித் தெருவில்தான். புருஷன் மாடியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடப்பவர். "சார் எறங்கிட்டாரு, இனிமே ஏரி அடங்கிடும்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனாள். சிரித்தேன். தோள்பட்டையில் தோல் உரிந்திருக்கிறது. உடம்பு வலி நன்றாக இருக்கிறது.

நவம்பர் 26, புதன்

காலையில் பார்த்தபோது தண்ணீர் முதல் வரிசை மூட்டையைத் தொட்டிருந்தது. இன்னொரு வரிசை ஏற்றினோம்.

மதியம் ஏரிகளைப் பார்க்கும் உதவிப் பொறியாளர் வந்தார். அருள்செல்வி என்று பெயர், தென்காசிப் பக்கத்துப் பெண், முப்பது வயது இருக்கலாம். மாவட்டத்தில் வேறு ஏரிகளையும் பார்த்துவிட்டு வந்திருந்தார், பேன்ட் முழங்கால்வரை சேறு. கரை நெடுக நடந்தார், குனிந்து குனிந்து பார்த்தார். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அதை மறைப்பானேன்.

"சார், கோவிச்சுக்கிடாதீங்க. நீங்க கரைய உசத்த உசத்த தண்ணியும் உசரும். இது பழைய மண்கரை. இது தாங்குற கனத்துக்கு மேல நீங்க தண்ணியத் தேக்கிக்கிட்டு இருக்கீங்க."

சும்மா கைகட்டி நிற்கச் சொல்கிறாரா என்று கேட்டேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது.

"தண்ணி போறதுக்கு வழி விடணும் சார். கலங்கல் முங்கிக் கிடக்கு. அதுக்குக் கீழ கால்வாய் எங்கயோ அடைபட்டிருக்கு. எங்கன்னு பாக்கத்தான் வந்தேன்."

கரையடித் தெருக்காரர்கள் இன்றே பள்ளிக் கட்டடத்துக்குப் போய்விட வேண்டும் என்றும் சொன்னார். யாரும் அசையவில்லை. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். உழைக்கிறவர்களை வந்தவுடனே மட்டம்தட்டினால் இப்படித்தான். நான் அடுத்த மூட்டையைத் தூக்கினேன். வரிசை மறுபடி நகர்ந்தது.

முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான். முடியவில்லை என்று தோன்றும்போது இன்னும் ஒரு சுற்று ஓடு. அதில் பிழை ஏதும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் 27, வியாழன்

மழை. மூட்டை. மழை. மண் எடுத்த இடமெல்லாம் குளமாகிவிட்டது. வீட்டுக்கு வந்தால் சுலோச்சனா பீரோவிலிருந்த துணிகளையெல்லாம் மூட்டை கட்டி முன்னறைக்குக் கொண்டுவந்திருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். பின்னறையில் ஈரவாடை அடிக்கிறது என்றாள்.

நவம்பர் 28, வெள்ளி

அந்தப் பொறியாளர் கலங்கலிலிருந்து ஆரம்பித்து கால்வாயோடே நடந்து வந்தாராம். கருவேலங்காடு தாண்டி, மயானம் தாண்டி, கால்வாய் எங்கள் நகருக்குள் நுழைகிற இடத்துக்கு வந்திருக்கிறார். நான் மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது எங்கள் பின்பக்கக் காம்பவுண்டு சுவருக்கு அப்பால் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அளந்துகொண்டிருந்தார். சுலோச்சனா அவருக்கு ஒரு டம்ளர் காபி கொடுத்திருந்தாள். இருவரும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது.

சாம்பார் நன்றாக இருந்தது. முருங்கைக்காய்.

இந்த மனையை வாங்கியபோது இது ஆளுயரப் பள்ளம். கோரை முளைத்துக் கிடந்தது. அதனால்தான் எங்களுக்குக் கட்டுப்படியானது. லாரி மண் கொட்டச் சொல்லிவிட்டு, பரப்புவதை நானே செய்தேன். தினமும் பள்ளி விட்டு வந்து இருட்டும்வரை மண்வெட்டி. கோடை விடுமுறை முழுக்க அதேதான். வீடு கட்டி முடித்தபோது எங்கள் ஹெட்மாஸ்டர், வேதகிரி வீட்டு அஸ்திவாரத்தில் சிமெண்டைவிட வியர்வை ஜாஸ்தி என்று எல்லாரிடமும் சொன்னார். நான் அதை எத்தனையோ வகுப்புகளில் கதையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மாலையில் கோதண்டன் ஒரு மனு கொண்டுவந்தார். கால்வாயைத் திறக்க என்று நகரில் எந்தச் சுவரையும் இடிக்கக் கூடாது, கரையை ஊர் மக்களே மூட்டை அடுக்கிக் காப்பாற்றிவிடுவோம் என்று எழுதியிருந்தது. நலச்சங்கச் செயலாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பிறகு கரைக்குப் போனேன். இன்று வேறு எந்த நாளையும்விட அதிகம் தூக்கினேன். போதும் சார் என்று மற்றவர்கள் சொன்ன பிறகும் தூக்கினேன்.

நவம்பர் 29, சனி

மழை கொஞ்சம் விட்டது. ஆனால் மேலேயுள்ள ஏரிகள் நிரம்பி அந்தத் தண்ணீரெல்லாம் இங்கே வருகிறது. வானம் வெளுத்திருக்க, ஏரி மட்டும் ஏறிக்கொண்டிருக்கிறது. இது மழையைவிட மோசமாக இருக்கிறது.

இப்போது தண்ணீர் கரையில் நிற்கவில்லை. எங்கள் மூட்டைகளின்மேல் சாய்ந்து நிற்கிறது. கையை வைத்துப் பார்த்தேன். மூட்டை உள்ளுக்குள் லேசாக அதிர்கிறது. எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ என்னவோ. இன்னொருவரை வைத்துப் பார்க்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

அஞ்சலையைத் தெருவில் பார்த்தேன். பொறியாளர் மறுபடி வந்து வீடுவீடாகச் சொல்லிவிட்டுப் போனாராம். புருஷனைத் தூக்கிக்கொண்டு எங்கே போய் அலைவது, சார் மேலே நிற்கிறார், அவருக்குத் தெரியாததா என்று பதில் சொல்லி அனுப்பிவிட்டாளாம். இதை என்னிடம் பெருமையாகச் சொன்னாள். கதவு திறந்திருந்தது. அவள் புருஷன் கட்டிலில் படுத்தபடியே என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அவர் தலைக்கு மேலே ஜன்னல், ஜன்னல் முழுக்கக் கரை.

பதிலுக்குக் கும்பிட்டேனா என்று நினைவில்லை. அங்கிருந்து வேகமாக வந்துவிட்டேன்.

சோறு இறங்கவில்லை. சுலோச்சனா எதிரே உட்கார்ந்து, அந்தப் பொண்ணு என்ன சொன்னாள் தெரியுமா என்று ஆரம்பித்தாள். தெரியும் என்றேன். என்ன தெரியும் என்றாள். தட்டில் கை கழுவிவிட்டு எழுந்தேன்.

நவம்பர் 30, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும். நாளைக்கு ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லுவார்கள்.

காலையில் போய் மூன்றாவது வரிசை மூட்டையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கீழே யாரோ கத்தினார்கள். கரையின் அடிவாரத்தில், அஞ்சலை வீட்டுக்குப் பின்னால், தரையிலிருந்து தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் குமிழி விட்டு, கொதிக்கிற மாதிரி வந்தது. நிறம் டீ போல இருந்தது.

பொறியாளர் அப்போது மதகு அருகில் இருந்தார். ஓடி வந்தார். தண்ணீரைக் கையில் அள்ளி விரல்களால் தேய்த்துப் பார்த்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன்.

"தெளிஞ்ச தண்ணி கசிஞ்சா பயப்பட வேண்டாம் சார். இது கலங்கி வருது. கரையோட வயித்துக்குள்ள மண்ணு கரைஞ்சு வெளிய வருது."

எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டேன். தெரியாது என்றார். சாயங்காலம்வரை தாங்கலாம், நாம் பேசி முடிப்பதற்குள் போகலாம்.

உடனே மேலே அடுக்கியது போக எஞ்சிய மூட்டைகளை இங்கே இறக்கச் சொன்னார். அந்த ஊற்றைச் சுற்றிக் கிணற்றுச் சுவர்போல மூட்டைகளை வட்டமாக அடுக்க வேண்டும். உள்ளே தண்ணீர் ஏறி நின்றால் அதன் கனமே ஊற்றை அமுக்கும், மண் வெளியே வருவது குறையும். அடைக்கக் கூடாது, அடைத்தால் வேறு இடத்தில் பிய்த்துக்கொள்ளும். நான் ஒரு குரல் கொடுத்தேன். வரிசை கரை மேலிருந்து கீழே திரும்பியது. நான் பார்த்ததிலேயே வேகமான வேலை அது. பயத்தில் மனிதர்கள் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

வட்டம் இடுப்புயரம் வந்ததும் பொறியாளர் என்னைத் தனியே இழுத்தார். சுவரை இடிக்க உத்தரவு வந்துவிட்டது, ஜேசிபி வந்துகொண்டிருக்கிறது, அதற்கு முன் தெரு காலியாக வேண்டும் என்றார்.

"நான் சொன்னா போமாட்டாங்க சார். உங்க மூட்டையப் பாத்துக்கிட்டுதான் உக்காந்திருக்காங்க. நீங்க சொல்லணும்."

அஞ்சலை வீட்டு வாசலுக்குப் போனேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போய்விடு என்றேன். நீங்க பாத்துக்க மாட்டீங்களா சார் என்று எழுந்திருக்காமலே கேட்டாள். பொறியாளர் சொல்கிறார் என்றேன். அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க என்றாள். ஒரு பாதுகாப்புக்குத்தான் என்றேன். சோறு வடித்துவிட்டு யோசிக்கிறேன் என்றாள். நான் சொன்ன ஒவ்வொன்றும் ஒரு வாத்தியார் சொல்கிற மாதிரியே வந்து விழுந்தது. ஜன்னல் வழியாக அந்த மூட்டை வட்டம் தெரிந்தது. அதற்கு மேலே கரை. கரைக்கு மேலே அத்தனை தண்ணீர்.

"எனக்குப் பயமா இருக்கு அஞ்சலை" என்றேன். "கரை நிக்காது. நான் அடுக்குனது எதுவும் நிக்காது. கெளம்பு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அதில் என்ன இருந்ததோ, ஊதுகுழலைக் கீழே போட்டுவிட்டுப் புருஷன் பக்கம் ஓடினாள். நானும் இன்னும் மூன்று பேரும் கட்டிலோடு அவரைத் தூக்கினோம். நாங்கள் தெருவில் இறங்கியதைப் பார்த்ததும் மற்ற வீடுகளும் கிளம்பிவிட்டன. சார் பயந்துட்டாரு, சார் பயந்துட்டாரு என்று ஒரு கிழவர் சொல்லிக்கொண்டே ஓடினார். நான்கு நாளாகச் சொல்லியும் அசையாத தெரு கொஞ்ச நேரத்தில் காலியாகிவிட்டது.

கட்டிலைப் பள்ளியில் இறக்கிவிட்டு நகருக்கு ஓடினேன். ஜேசிபி எங்கள் தெருமுனையில் நின்றிருந்தது. கோதண்டனும் மற்றவர்களும் அதன் முன்னால் நின்றார்கள். இரண்டு பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சார் வந்துட்டாரு, சார் பேசுவாரு என்று கோதண்டன் வழிவிட்டார். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். டிரைவரும் பார்த்தார். மனுவில் என் கையெழுத்து இருக்கிறது.

மைதானத்தின் அந்தக் கோடிவரை கேட்கிற குரல் என்னுடையது. அது வரவில்லை.

சுலோச்சனா எங்கள் வாசலில் நின்றிருந்தாள். முன்னறைச் சாமான்களையெல்லாம் தெருவில் எதிர்த் திண்ணையின்மேல் அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டிருந்தாள். எப்போது செய்தாள் என்று தெரியாது. நேராக டிரைவரிடம் போனாள்.

"எங்க வீட்லேர்ந்து ஆரம்பிப்பா. முதல்ல மறிக்கிறது எங்க சுவருதான்."

அண்ணி, நீங்க சும்மா இருங்க என்று கோதண்டன் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, சார், சொல்லுங்க சார் என்றார். அவர் கண்ணில் கெஞ்சல் இருந்தது. அவர் பட்டறையும் மெஷின்களும் எங்கள் சுவருக்கு அடுத்தாற்போல் அதே கால்வாய்க் கோட்டில்தான் இருக்கின்றன. கரையடித் தெருவில் எல்லாரையும் வெளியேற்றிவிட்டேன் என்று சொல்ல நினைத்தேன். கரை போனால் அவர்கள் வீடுகளோடு கடைத்தெருவும் போகும் என்று சொல்ல நினைத்தேன்.

சந்து வழியாகப் பின்பக்கம் போய், மாட்டியிருந்த கடப்பாரையை எடுத்துச் சுவரில் போட்டேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். நான் கட்டிய சுவர், லேசில் பெயரவில்லை. செங்கல் ஒவ்வொன்றாகப் பொடிந்தது. ஓங்கி ஓங்கி அடித்தேன். பின்னால் கூட்டம் வந்து நிற்பது தெரிந்தது. யாரும் தடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தோளுக்குப் பக்கத்தில் இன்ஜின் சத்தம் கேட்டது.

"சார், கொஞ்சம் தள்ளிக்குங்க" என்றார் டிரைவர். அவர் குரலில் மரியாதைதான் இருந்தது. "இது எனக்கு அஞ்சு நிமிஷ வேலை."

தள்ளிக்கொண்டேன்.

சுவர் விழுந்ததும் தண்ணீர் ஒரு நொடி யோசிப்பதுபோல் நின்றது. பிறகு வந்தது. அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. துளசி மாடம் முதலில் போனது. குளியலறை போனது. சுவர் மட்டும்தான் போகும் என்று நினைத்திருந்தேன். சமையலறை அடியில் மண் சரிந்து, சுவர் பிளந்து, பின்னறையோடு சேர்ந்து உட்கார்ந்தது. நான் கொட்டி நிரப்பிய மண் சிவப்பாகக் கரைந்து ஓடுவதைப் பார்த்தேன். சுலோச்சனா என் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டே இருந்தாள். கோதண்டனின் பட்டறை ஷெட் சாய்ந்தபோது அவர் அலறினார். இப்போதும் காதில் கேட்கிறது.

சாயங்காலம் கரையிலிருந்து ஆள் வந்து சொன்னார்கள். கலங்கல் தலை தெரிகிறதாம். ஏரி இறங்குகிறதாம். அஞ்சலை வீட்டுக்குப் பின்னால் கரையின் சரிவு ஓரிடத்தில் நழுவி அவள் வீட்டின்மேல் விழுந்திருக்கிறது. கூரை உள்ளே போய்விட்டது. கட்டில் கிடந்த இடத்தில் மண். கரை மட்டும் முழுதாக உடையவில்லை.

டிசம்பர் 1, திங்கள்

பள்ளியில், ஏழாம் வகுப்பு அறையில் தங்கியிருக்கிறோம். நாள் முழுக்கத் தூங்கினேன்.

டிசம்பர் 3, புதன்

ஊரில் என்னைப் பற்றி என்னென்னவோ பேசுகிறார்கள். சொந்த வீட்டை இடிக்கச் சொன்ன வாத்தியாராம். சொன்னது என் வீட்டுக்காரி என்று நான்கைந்து பேரிடம் சொன்னேன். தன்னடக்கம் என்று சிரிக்கிறார்கள். அவளிடம் சொன்னால், விடுங்க, யார் சொன்னா என்ன, பருப்பு டப்பா எங்க போச்சுன்னு பாருங்க என்கிறாள். பருப்பு டப்பா இந்நேரம் கடலுக்குப் போயிருக்கும்.

கோதண்டன் பட்டறை இருந்த இடத்தில் மெஷின்களைச் சேற்றிலிருந்து தோண்டிக்கொண்டிருந்தார். உதவிக்குப் போனேன். நிமிராமலே பேசினார்.

"நீங்க ஊருக்கு நல்லவராயிட்டீங்க சார். சந்தோஷம்."

நான் மண்வெட்டியை எடுத்துத் தோண்டினேன். அவர் தடுக்கவில்லை. இருட்டும்வரை இருவரும் தோண்டினோம். ஒரு வெல்டிங் மெஷின் மட்டும் தேறும்போல.

அதன்பின் பொறியாளர் பள்ளிக்கு வந்திருந்தார். சுலோச்சனாதான் அதைக் கேட்டாள். நான் கேட்டிருக்க மாட்டேன்.

"முதல்லயே இடிச்சிருந்தா வீடு நின்னுருக்குமாம்மா?"

பொறியாளர் மறைக்காமல் சொன்னார். புதன்கிழமை தான் வந்த அன்றே சுவரைத் திறந்திருந்தால் தண்ணீர் மெதுவாக வந்திருக்கும், காம்பவுண்டோடும் குளியலறையோடும் போயிருக்கும். மூட்டை வைத்து ஏற்றிய உயரம் முழுவதும் ஒரே மூச்சில் இறங்கியதால்தான் அடிமண்ணை அரித்துவிட்டது. கரை நழுவியதும் அந்தக் கனத்தால்தான்.

அப்படியானால் நாங்கள் அடுக்கியது அத்தனையும் வீண்தானா என்று கேட்டேன்.

"கரை மேல அடுக்குனது கெடுதல்தான் சார். ஆனா கீழ அந்த வட்டத்தக் கட்டுனீங்கல்லா? அதுக்குத் தேவையான ஆளும் வேகமும் எங்கிட்ட கிடையாது. அது மட்டும் இல்லேன்னா ஜேசிபி வந்து சேர்றதுக்குள்ள ஊர் போயிருக்கும்."

அதே ஆட்கள், அதே சாக்கு, அதே மண். அவர் போன பிறகு இருட்டில் மைதானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலில் வலியோடு என்னிடம் வந்த பிள்ளைகள் ஞாபகத்துக்கு வந்தார்கள். நீளம் தாண்டுவதில் தோற்றுக்கொண்டே இருந்த ஒரு பெண்ணை வருடம் முழுக்க ஓட மட்டுமே வைத்தேன். அவள் கால் வைக்கிற விதத்தை நான் ஒருமுறைகூடக் குனிந்து பார்த்ததில்லை. இதையெல்லாம் இப்போது யோசித்து என்ன.

டிசம்பர் 5, வெள்ளி

வங்கக்கடலில் மறுபடி ஏதோ உருவாகியிருப்பதாக ரேடியோவில் சொன்னார்கள். அதைக் கேட்டதிலிருந்து அறையில் யாருக்கும் வேலை ஓடவில்லை. பிள்ளைகள்கூட விளையாடவில்லை. காற்று அடித்து ஜன்னல் கதவு சாத்திக்கொண்டபோது நாலைந்து பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். அதில் நானும் ஒருவன்.

காலையில் கரையடித் தெரு ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் என்னிடம் வந்தார்கள். வீட்டுக்குத் திரும்பலாமா என்று கேட்க வந்திருந்தார்கள். சிலரின் வீடுகள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆடு, கோழி எல்லாம் அங்கேயே கிடக்கிறது. அஞ்சலைக்கு வீடே இல்லை. ஆனாலும் முன்னால் நின்றாள். இடிந்ததற்குள் புருஷனுடைய மருந்துச் சீட்டு, அண்டா, குண்டான் எல்லாம் கிடக்கின்றன.

"போலாமா சார்?" என்று கேட்டாள்.

ஒரு வாரத்துக்கு முன்பாக இருந்தால் அவள் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லியிருப்பேன். எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வானத்தைப் பார்த்தேன். அதில் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"எனக்குத் தெரியல அஞ்சலை. வா, அந்தம்மாவையே கேட்டுட்டு வருவோம்."

எல்லாருமாகப் போனோம். பொறியாளர் எங்கள் வீட்டில் இருந்தார். சமையலறை இருந்த இடத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று, அளவுகோலைப் பிடித்தபடி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். ஹால் சுவரில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டிருந்தது. அந்தக் கோடுவரைக்கும் கால்வாய்க்கு வேண்டுமாம். சுலோச்சனாவிடம் காலையிலேயே சொல்லிவிட்டார், அவளும் சரி என்றுவிட்டாள். எனக்கு இப்போதுதான் தெரிகிறது. தண்ணீர் அவர் கால்களைச் சுற்றிக்கொண்டு, எங்கும் முட்டாமல் போய்க்கொண்டிருந்தது.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அஞ்சலை தானே கேட்டாள். அவர் ஏரியின் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"இன்னைக்கு வேண்டாம்க்கா. நாளைக்குக் காலைல கரைய ஒருக்க நடந்து பாத்துட்டுச் சொல்லுதேன்."

எந்தப் பக்கமிருந்து நடப்பீர்கள் என்று கேட்டேன். மதகிலிருந்து என்றார். எதை எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, வெளிச்சம் வந்ததும் வாங்க சார், காட்டுதேன் என்றார்.

சரி என்று எல்லாரும் திரும்பினோம். வழியில் தூறல் பிடித்துக்கொண்டது. யாரும் ஓடவில்லை. அஞ்சலை மட்டும் நடையை எட்டிப் போட்டு எங்களுக்கு முன்னால் போனாள். பள்ளியில் அத்தனை பேருக்கும் உலை வைக்க வேண்டும்.